பயிற்சி முடிந்த பிறகு வரும் செமஸ்டர்

பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கான கற்பித்தல் பயிற்சி என்று பேச்சு வந்தால் எல்லாரும் பயிற்சியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எதில் சேரலாம், எத்தனை வாரம், சான்றிதழ் பதவி உயர்வுக்குச் செல்லுமா. பயிற்சியை முடித்துவிட்டு வகுப்புக்குத் திரும்பிப் போகிற அந்த முதல் செமஸ்டரைப் பற்றி என்னிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த செமஸ்டர் என்னை உலுக்கி எடுத்துவிட்டது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்களோ என்று தூக்கம் வராமல் கிடந்த இரவுகள் உண்டு. இப்போது நிலைமை சீராகிவிட்டதால் நிதானமாக எழுத முடிகிறது. இனி பயிற்சிக்குப் போகப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போனால் நல்லது.

நான் புள்ளியியல் ஆள். முனைவர் பட்டத்துக்கு உழைத்த வருடங்களில் பாடம் நடத்துவது எப்படி என்று யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. அதைக் கேட்கிற வழக்கமும் எங்கள் வட்டாரத்தில் கிடையாது. நன்றாக ஆய்வு செய்கிறவர் நன்றாகப் பாடமும் நடத்துவார் என்று ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான். வேலையில் சேர்ந்த முதல் வாரமே, பல துறை மாணவர்கள் மொத்தமாக வந்து உட்காரும் அடிப்படைப் புள்ளியியல் வகுப்பை என் தலையில் கட்டினார்கள். என் ஆசிரியர்கள் எனக்கு எப்படி நடத்தினார்களோ அப்படியே நானும் நடத்தினேன். ஸ்லைடு, பலகை, கணக்கு, மறுபடி ஸ்லைடு. நல்ல பெயரும் கிடைத்தது. "மேடம் ரொம்பத் தெளிவா நடத்துவாங்க" என்று மதிப்பீட்டுப் படிவங்களில் வரிக்கு வரி எழுதியிருந்தார்கள்.

உறுத்தல் விடைத்தாள் கட்டிலிருந்து வந்தது. ஒரு மாணவர் திட்ட விலக்கத்தைப் படிப்படியாக, அழகான கையெழுத்தில் கணக்கிட்டிருந்தார். நடுவில் எங்கோ ஒரு குறி மாறி, விடை மைனஸில் வந்திருந்தது. அந்த மைனஸ் விடைக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு வேறு போட்டிருந்தார். திட்ட விலக்கம் என்பது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளிப் பரவிக் கிடக்கின்றன என்பதன் அளவு. அது மைனஸில் வரவே முடியாது. தப்பான கூட்டலை மன்னிக்கலாம், ஆனால் அந்த இரட்டைக் கோட்டை என்னால் தாண்டிப்போக முடியவில்லை. அதே கட்டில் அதே மாதிரி இன்னும் சில தாள்கள். மறுநாள், வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கும் பெண்ணைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, திட்ட விலக்கம் நமக்கு என்ன சொல்கிறது என்று கேட்டேன். "ஃபார்முலா சொல்லட்டுமா மேடம்?" என்றாள். இதற்குப் பிறகுதான் பயிற்சி தேடிக் கிளம்பினேன்.

துறையில் பணம் கேட்டுப் பார்த்தேன். ஆய்வு மாநாடு என்றால் தருவோம், கற்பித்தல் பயிற்சிக்கு ஒதுக்கீடு இல்லை என்றார்கள். சொந்தப் பணத்தைக் கட்டினேன். ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி போனது. ஒரு செமஸ்டர் முழுக்க வாரக்கடைசிகளும் போயின. அந்த வருடம் அனுப்ப வேண்டிய ஆய்வுக்கட்டுரை மேஜையிலேயே கிடந்தது. இவ்வளவு கொடுத்துப் போன இடத்தில் முதல் நாள் முழுவதும் "கற்றல் பாணிகள்". நீங்கள் பார்த்துக் கற்பவரா, கேட்டுக் கற்பவரா, செய்து கற்பவரா என்று ஒரு வினாத்தாள். அப்புறம் ஒவ்வொரு பாணிக்கும் ஏற்றபடி பாடத்தை மாற்றி எழுதும் பயிற்சி. இரண்டாம் நாள் அந்தப் பிரமிடு வந்தது. படிப்பதில் 10 சதவீதம் நினைவிருக்கும், கேட்பதில் 20 சதவீதம், பிறருக்குச் சொல்லித்தந்தால் 90 சதவீதம் என்று அடுக்கடுக்காக வண்ணம் தீட்டிய படம். எண்களோடு பிழைப்பு நடத்துகிறவள் என்பதால் இப்படி முழுசு முழுசாக வந்து நிற்கும் எண்களைக் கண்டாலே எனக்குச் சந்தேகம். வீட்டுக்கு வந்து தேடினேன். கூம்பு வடிவில் அந்தப் படத்தை எட்கர் டேல் என்பவர் 1946-இல் வெளியிட்டபோது அதில் ஒரு எண்கூடக் கிடையாது. சதவீதங்கள் பிற்பாடு யாரோ ஒட்டியவை. கற்றல் பாணி விஷயத்தையும் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் 2008-இல் ஆராய்ந்து, பாணிக்கு ஏற்றபடி நடத்தினால் அதிகம் கற்பார்கள் என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். கட்டிய பணத்தை நினைத்து வயிறு எரிந்தது.

எனவே பணம் கட்டும் முன் நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்குங்கள். அதில் கற்றல் பாணியோ அந்தப் பிரமிடோ இருந்தால் வேறு இடம் பாருங்கள். உங்கள் துறைப் பாடத்தை யாராவது நடத்திக் காட்டுகிறார்களா, உங்களை நடத்தச் சொல்லிப் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, பயிற்சி முடிந்த பிறகு யாராவது உங்கள் வகுப்புக்கு வந்து பார்ப்பார்களா என்பது. டயேன் ஈபர்ட்-மே குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பயிற்சிப் பட்டறைக்குப் போய்வந்த உயிரியல் ஆசிரியர்களில் 89 சதவீதம் பேர் தங்கள் கற்பித்தலை மாற்றிக்கொண்டதாகச் சொன்னார்கள். அவர்களின் வகுப்புக் காணொளிகளைப் பார்த்தால் 75 சதவீதம் பேர் பழையபடி சொற்பொழிவுதான் நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. தன் வகுப்பு எப்படி நடக்கிறது என்று மேடையில் நிற்கிற நமக்குத் தெரிவதில்லை.

அந்தப் பயிற்சியில் உருப்படியாக ஒரு அமர்வு இருந்தது, நியாயமாகச் சொல்ல வேண்டும். ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூரின் முறை. அவரும் நல்ல ஆசிரியர் என்று பெயர் வாங்கியவர்தான். விசை, இயக்கம் பற்றிய எளிய கேள்வித்தாள் ஒன்றை மாணவர்களிடம் கொடுத்தபோது, நீங்கள் சொல்லித்தந்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று ஒரு மாணவர் கேட்டாராம். அதிலிருந்துதான் அவர் முறையை மாற்றினார். ஆசிரியர் ஒரு கேள்வியைப் போடுவார். கணக்குப் போடத் தேவையில்லாத, கருத்தைச் சோதிக்கிற கேள்வி. மாணவர்கள் தனியாக யோசித்து வாக்களிக்க வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் தன் விடைக்குக் காரணம் சொல்லி வாதாட வேண்டும். மறுபடி வாக்கு. அதன்பிறகுதான் ஆசிரியர் விளக்குவார். முதல் வாக்கில் ஏறக்குறைய 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்கிற கேள்வியாக இருந்தால் வாதம் களைகட்டும். எல்லாருக்கும் தெரிந்த கேள்வி வீண். யாருக்குமே தெரியாத கேள்வியும் வீண்.

அடுத்த செமஸ்டரில் மொத்தப் பாடத்தையும் இப்படி மாற்றினேன். கருவி எதுவும் வாங்கவில்லை. நாலு வண்ண அட்டைகளை ஆளுக்கு ஒரு கட்டாகக் கொடுத்தேன். ஒரு நல்ல கேள்வி எழுத ஒரு மாலை முழுக்கப் பிடித்தது. எனக்குப் பிடித்த கேள்வி ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு ஹிஸ்டோகிராம்கள், அதாவது எந்த மதிப்பு எத்தனை முறை வருகிறது என்று பட்டையின் உயரத்தால் காட்டும் படங்கள். இரண்டிலும் மதிப்புகள் 1 முதல் 9 வரை. இடது பக்கப் படத்தில் பட்டைகள் மேடும் பள்ளமுமாக ஒழுங்கில்லாமல் நிற்கும், ஆனால் உயரமான பட்டைகள் எல்லாம் நடுவில் 5-ஐச் சுற்றியே இருக்கும். வலது பக்கத்தில் எல்லாப் பட்டையும் ஒரே உயரம், தரை போலச் சமமாக. எதில் திட்ட விலக்கம் அதிகம்? முக்கால்வாசி வகுப்பு இடது பக்கம் என்று அட்டையைத் தூக்கியது. "அதுலதான மேடம் ஏறி ஏறி இறங்குது" என்றான் ஒருவன். வலது பக்கத்தில்தான் ஓரங்களிலும் நடுவில் இருக்கும் அதே அளவுக்கு ஆள் இருக்கிறது, ஆகவே பரவல் அங்கேதான் அதிகம். இதை நான் சொல்லவில்லை. பின்பெஞ்சில் ஒருத்தி தன் தோழியிடம், "பட்டையோட உயரத்தைப் பாக்காத, நடுவுலேர்ந்து எவ்ளோ தூரம்னு பாரு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. ஐந்து நிமிடத்தில் அறை முழுக்க ஒரே சத்தம். பல வருடம் ஸ்லைடு போட்டு நடத்தியதில் இந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

எல்லா நாளும் அப்படி இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கேள்வியைப் போட்டுவிட்டு நிற்கும்போது வருகிற மௌனம் கொடுமையானது. மேரி பட் ரோவ் என்ற ஆய்வாளர் பள்ளி வகுப்புகளில் அளந்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடிக்கு மேல் காத்தால் பதில்கள் நீளமாகின்றன, வாயே திறக்காதவர்களும் பேசுகிறார்கள் என்று கண்டார். மூன்று விநாடி என்று படிக்கும்போது எளிது. முன்னால் நிற்கும்போது அது முடிவதாகத் தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு மனதுக்குள் எண்ணப் பழகினேன். முதுகில் வியர்வை ஓடும்.

பிறகு புகார்கள் ஆரம்பித்தன. "மேடம் பாடமே நடத்துறதில்ல, எங்களையே பேசிக்கச் சொல்றாங்க." செமஸ்டர் பாதியில் சிலர் துறைத்தலைவரிடம் போனார்கள். முடிவில் வந்த மதிப்பீட்டு எண்கள் தலைகீழாகச் சரிந்திருந்தன. துறையின் மேல்வரிசையில் இருந்தவள் அடிவரிசைக்கு வந்துவிட்டேன். துறைத்தலைவர் கூப்பிட்டு, "ஏம்மா, நல்லாத்தானே போயிட்டிருந்தது? எதுக்கு இந்த விஷப்பரீட்சை?" என்றார். அவர் கெட்டவர் இல்லை; அவர் மேஜையில் இருந்தது அந்த எண் மட்டும்தான். ஒப்பந்தப் புதுப்பிப்பு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அவமானமாக இருந்தது. மாணவர்கள் மேல் கோபம், பயிற்சி கொடுத்தவர்கள் மேல் அதைவிடக் கோபம். பேசாமல் ஸ்லைடுக்கே திரும்பிவிடலாம் என்று பலமுறை நினைத்தேன்.

அந்த விடுமுறையில் படித்ததுதான் என்னை நிறுத்தி வைத்தது. லூயி டெலோரியே குழுவினர் ஹார்வர்டின் தொடக்க நிலை இயற்பியல் வகுப்பில் செய்து 2019-இல் வெளியிட்ட சோதனை. ஒரே பாடத்தை ஒரு பிரிவினர் மெருகான சொற்பொழிவாகக் கேட்டார்கள், இன்னொரு பிரிவினர் தாங்களே முட்டி மோதிச் செய்து பார்த்தார்கள். தேர்வில் செய்து பார்த்தவர்கள் அதிகம் எடுத்தார்கள். ஆனால் "எவ்வளவு கற்றதாக உணர்கிறீர்கள்" என்ற கேள்விக்கு, சொற்பொழிவு கேட்டவர்கள்தான் அதிகம் என்று சொன்னார்கள். என் வகுப்பில் நடந்ததும் இதுதானே! சரளமாக யாரோ சொல்லக் கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கிறது. தானே முட்டும்போது தனக்கு எதுவும் தெரியவில்லை என்று தோன்றுகிறது. மதிப்பீட்டுப் படிவம் அந்த உணர்வைத்தான் அளக்கிறது. மதிப்பீட்டு எண்ணுக்கும் உண்மையில் கற்ற அளவுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பே இல்லை என்று உட்ல் குழுவினர் 2017-இல் பழைய ஆய்வுகளைத் திரட்டி மறுபடி கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். சார்ல்ஸ் ஹெண்டர்சன் குழுவினரின் 2012 கட்டுரை இன்னொரு விஷயம் சொன்னது. புதிய முறைகளை முயன்று பார்த்த அமெரிக்க இயற்பியல் ஆசிரியர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் பிறகு எல்லாவற்றையும் கைவிட்டுவிட்டார்கள். அந்த மூன்றில் ஒருத்தியாக ஆக இருந்தேன். பயிற்சியில் கற்றல் பாணிக்கு ஒதுக்கிய அந்த முழு நாளில் அரைமணி நேரத்தை இதற்குக் கொடுத்திருக்கக் கூடாதா?

மாணவர்களின் புகாரில் பாதி நியாயம் என்பதையும் சொல்லியாக வேண்டும். வகுப்பில் கருத்து, வாதம், ஹிஸ்டோகிராம். தேர்வில்? எல்லாப் பிரிவுக்கும் பொதுவான வினாத்தாள், அதில் அதே பழைய கணக்குகள். "இதெல்லாம் எக்ஸாம்ல வருமா மேடம்?" என்று கேட்டவனை அலட்சியமாக நினைத்தேனே தவிர, அவன் கேட்டது சரியான கேள்வி. ஜான் பிக்ஸ் 1996-இல் எழுதிய கட்டுரையின் சாரமே இதுதான்: நோக்கம், வகுப்பில் செய்வது, தேர்வில் கேட்பது மூன்றும் ஒரே திசையில் இருக்க வேண்டும். வகுப்பை மாற்றும் முன் வினாத்தாளை மாற்ற முடியுமா என்று பாருங்கள். பொது வினாத்தாள் என்றால் மற்ற ஆசிரியர்களிடம் பேசி இரண்டு கேள்வியாவது கருத்துக் கேள்வியாகச் சேர்க்க வையுங்கள். எனக்கு அதற்கே ஒரு செமஸ்டர் பேச்சுவார்த்தை தேவைப்பட்டது. கிடைத்தது ஒரு கேள்விதான், ஆனால் அந்த ஒன்றே வகுப்பின் போக்கை மாற்றியது.

அடுத்த முறை பாதியைத்தான் மாற்றினேன். வகுப்புக்கு ஒன்றிரண்டு கேள்விகள், மீதி நேரம் விளக்கம். முதல் நாளிலேயே, டெலோரியே சோதனையின் படத்தைத் திரையில் போட்டுக் காட்டி, "சில வாரத்தில் உங்களுக்கு ஒன்றும் புரியவில்லை என்று தோன்றும், அப்போது இந்தப் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அந்தக் கட்டுரையும் தொடக்கத்திலேயே மாணவர்களிடம் இதை எடுத்துச் சொல்லச் சொல்கிறது. புள்ளியியல் வகுப்பாக இருந்தது வசதி, அந்தப் படமே முதல் பாடமாகிவிட்டது. செமஸ்டர் பாதியில் என் சக ஆசிரியர் ஒருவரை வரச் சொன்னேன். கடைசி இருபது நிமிடம் நான் வெளியே போய்விட, எது உதவுகிறது, எது தடையாக இருக்கிறது, எதை மாற்றலாம் என்று அவர் மாணவர்களிடம் கேட்டுத் தொகுத்துக் கொடுத்தார். ஒரு பெயரும் இருக்காது. வந்த குறைகளில் பாதி ஒரே நாளில் சரிசெய்யக்கூடியவை: வாதம் முடிந்ததும் சரியான விடையைப் பலகையில் எழுதிப்போடுங்கள், அதைப் பார்த்து எழுதிக்கொள்ள நேரம் கொடுங்கள். அடுத்த வகுப்பில் "நீங்கள் சொன்னது இது, நான் மாற்றியது இது, இதை மட்டும் மாற்ற மாட்டேன், காரணம் இது" என்று சொன்னேன். துறைத்தலைவரிடம் புகார் போவது அதோடு நின்றது.

வகுப்பைப் பார்க்க யாரையாவது கூப்பிடும்போது "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "பிரமாதம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். 2013-இல் வந்த கோபஸ் என்ற குறிப்புமுறை இருக்கிறது. பார்வையாளர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாணவர்கள் என்ன செய்கிறார்கள், ஆசிரியர் என்ன செய்கிறார் என்று கட்டத்தில் குறித்துக்கொண்டே போக வேண்டும். கருத்துச் சொல்லத் தேவையில்லை. கற்பித்தல் பற்றி எதுவும் தெரியாத நண்பர்கூட இதைச் செய்யலாம். என் முதல் தாளைப் பார்த்தபோது, பாதி மாற்றியதாக நான் நினைத்த வகுப்பில் முக்கால்வாசி நேரம் நானே பேசிக்கொண்டிருந்தது கட்டம் கட்டமாகத் தெரிந்தது.

ஆவணங்களைச் சேர்ப்பதை முதல் செமஸ்டரிலேயே தொடங்கிவிடுங்கள். பாடம் தொடங்கும் முன் ஒரு சிறிய கருத்துத் தேர்வு, முடியும்போது அதே தேர்வு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் கையில் இருக்கட்டும். கோபஸ் தாள்கள், இடைக்கால மாணவர் கருத்து, அதற்கு நீங்கள் செய்தது, எல்லாம் ஒரே கோப்பில். இதோடு ஃப்ரீமன் குழுவினரின் 2014 கட்டுரையின் சுருக்கத்தையும் வையுங்கள். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்தபோது, சொற்பொழிவு மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரித் தோல்வி 33.8 சதவீதம், மாணவர்கள் ஈடுபட்டுக் கற்ற வகுப்புகளில் 21.8 சதவீதம். துறைத்தலைவர்களுக்குத் தோல்வி விகிதம் புரியும். என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்ட கூட்டத்தில் மதிப்பீட்டு எண்ணை முதலில் எடுத்தார்கள். நான் கோப்பைத் திறந்தேன். முன்தேர்வு, பின்தேர்வு அட்டவணையைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எண்கள் பழைய உயரத்துக்கு இன்னும் வரவில்லை, நடுவரிசையில் நிற்கின்றன. மேஜையில் கிடந்த கட்டுரை தாமதமாகத்தான் போனது. பயிற்சிக்குப் போகும் முன்பே துறைத்தலைவரிடம் உட்கார்ந்து, "அடுத்த செமஸ்டர் என் மதிப்பீடு இறங்கும், காரணம் இது, அதற்குப் பதிலாக இதைப் பார்த்து என்னை மதிப்பிடுங்கள்" என்று பேசி, அதை ஒரு மின்னஞ்சலாகவும் அனுப்பி வையுங்கள். முடிந்தால் அந்த செமஸ்டரில் புதிய பாடம் எதையும் எடுக்க மாட்டேன் என்றும் அதிலேயே எழுதிவிடுங்கள். கேள்வி எழுதவே உங்கள் மாலைகள் போய்விடும். என்னுடைய கேள்விகளில் தேறியதை எல்லாம் அதே பாடம் நடத்தும் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டேன், அவர்கள் எழுதியது எனக்கு வருகிறது. ஹிஸ்டோகிராம் கேள்வியை ஒருவர் மாற்றி மூன்று படமாக ஆக்கியிருக்கிறார். என்னுடையதைவிட அது நன்றாக இருக்கிறது.